வியட்நாம் தேசத்துக்கு ஓர் அர்ச்சனை

என் சகலை வியட்நாமில் தன்னந்தனியாக மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த நாட்களில், அவர் தலையில் நல்ல மழை கொட்ட வேண்டுமென்று மாத்தளை அம்மன் கோவிலில் நான் அர்ச்சனை செய்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வேண்டுதல் கெட்ட வேண்டுதல் என்பதால் மட்டுமல்ல. இருபத்தாறு வருடமாக நான் பாடசாலையில் புவியியல் கற்பிக்கிறவன். ஒக்டோபரில் வியட்நாமின் நடுப்பகுதியில் யார் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் மழை பெய்யும் என்பது, உயர்தர வகுப்புக்கு நானே எழுதிக்கொடுக்கும் குறிப்பில் இருக்கிறது. தானாக நடக்கப்போகிற காரியத்துக்காகத் தெய்வத்தைத் தொந்தரவு செய்த புவியியல் ஆசிரியர் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

ஏன் அப்படி ஒரு எரிச்சல் என்றால், அந்தப் பயணம் என்னுடையது.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. முப்பது வருடமாகப் பயணநூல்கள் வாசிக்கிறேன். பாலைவனத்தில் ஒட்டகம் படுத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும், பனிமலையில் கூடாரத்தின் வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எல்லாம் தெரியும். சொந்தமாகப் போனது ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணம். மனைவியோடு தென்னிந்தியக் கோவில்களுக்கு, நாற்பது பேர் பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில். அதையும் ஜன்னல் வழியாக நான் பார்த்ததைவிட, ஜன்னல் வழியாக வாந்தியெடுத்தது அதிகம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியின் தங்கையும் அவள் கணவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். அந்தக் கணவர்தான் என் சகலை. என்னைவிட ஐந்து வயது இளையவர். இரத்தோட்டையில் மிளகும் கராம்பும் போட்ட தோட்டம் வைத்திருக்கிறார். அவர் முழுதாக வாசித்த எழுத்து உரமூட்டையின் பின்பக்கம் மட்டும்தான். நான் மேசையில் வியட்நாம் வரைபடத்தை விரித்தேன். ஹனோயிலிருந்து தெற்கே கடைசி வரைக்கும், ரெண்டு பேர், ரெண்டு பைக், பதினெட்டு நாள் என்றேன். விரலால் வழியைக் காட்டினேன். ஒரு தடவை காட்டியது போதாமல் மறுபடி ஹனோயிலிருந்து தொடங்கினேன். அவ்வளவு ஆசை.

அவர் கோழிக்காலைக் கீழே வைக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க மிளகு இருக்குல்லண்ணே?"

"உலகத்துலயே அங்கதான் கூடுதலா விளையுது."

"அப்பப் போவோம்."

அந்தப் பயணத்தின் திட்டமிடலில் அவர் பங்கு இவ்வளவுதான். மீதியை நான் செய்தேன். பதினான்கு பக்கத்தில் ஒரு ஃபைல். தூரம் நீலத்தில், தங்குமிடம் பச்சையில், ஆபத்து சிவப்பில். ஒன்பதாம் பக்கத்தில் 'ஒக்டோபரில் போகவே கூடாது' என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தேன்.

பிறகு ஒரு சின்னத் தடங்கல் வந்தது. வியட்நாமில் வாகனம் வலது பக்கம் போகும். நாம் பிறந்ததிலிருந்து இடது பக்கம். இதற்குப் பயிற்சி வேண்டுமென்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருக்கலாம். பல்லேபொலப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத ஒரு வயற்பாதையைத் தேர்ந்து, பிற்பகல் நேரங்களில் மனைவியின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய், வலது பக்கமாக ஓட்டிப் பழகினேன். மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. நான்காவது வாரம் ஒரு வளைவில் பேக்கரிப் பாண் விற்கிற ஆட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு நேர் எதிரே வந்தது. அந்தப் பாட்டைக் கேட்டு மக்கள் வீட்டிலிருந்து ஓடி வருவதுதான் வழக்கம். நான் வாய்க்காலுக்குள் ஓடினேன், ஸ்கூட்டியோடு.

பாண்காரர் இறங்கி வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நல்ல மனிதர். எங்கே போகிறீர்கள் சேர் என்று சிங்களத்தில் கேட்டார். அதிர்ச்சியில் என் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது.

"வியட்நாமுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். ஆட்டோவுக்குப் போய், முதலை வடிவத்தில் சீனி தூவி இருக்குமே, அந்தப் பனிஸ் ஒன்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வயல் வரம்பில் உட்கார்ந்து அதைத் தின்றபோது எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. நான் போகப்போவதில்லை. அடி ஒன்றும் படவில்லை. பயம்தான் பட்டது. முப்பது வருடமாகப் புத்தகத்துக்குள் பாலைவனம் கடந்த மனிதன், ஒரு பாண் வண்டியைக் கண்டு முடிந்துபோனான்.

அதை யாரிடம் சொல்வது? வீட்டுக்கு வந்து, தண்ணீர் வாளி தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது என்றேன். மனைவி தைலம் தேய்த்தாள். இடுப்பில் கட்டுகிற அகலமான பட்டி ஒன்று வாங்கி வந்தாள். பொய் சொன்னவன் பட்டியைக் கட்டித்தானே ஆக வேண்டும்? கட்டினேன். வெக்கைக்கு உள்ளே அரித்தது.

சகலை பார்க்க வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் பாதத்தைத் தடவினார். முதுகுவலிக்குப் பாதத்தைத் தடவுவது என்ன வைத்தியமோ.

"பரவாயில்லண்ணே. நீங்க ஓய்வெடுங்க."

"மனசுதான் கேக்கல சகலை. அடுத்த வருஷம் பாப்போம்."

"எதுக்கு அடுத்த வருஷம்? நான் போய் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்றேன்."

என் கணக்கில் நான் விட்ட ஓட்டை இதுதான். நான் வராவிட்டால் அவர் போகமாட்டார் என்று நம்பியிருந்தேன். ஆங்கிலம் அரைகுறை, வரைபடம் பார்க்கத் தெரியாது, புத்தகம் ஒன்றும் வாசித்ததில்லை. இப்படிப்பட்ட ஆள் தனியாக எங்கே போவார்? ஒக்டோபர் முதல் கிழமை போனார். தோட்டத்தில் வேலை குறைவான காலம் அதுதானாம். ஃபைலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஒன்பதாம் பக்கத்தை அவர் வாசிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் ஞாபகப்படுத்தவுமில்லை.

கொழுந்தியாள் தனியாக இருக்கக் கூடாதென்று பதினெட்டு நாளும் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். சாயந்தரம் தேத்தண்ணி நேரத்துக்குச் சரியாக அவருடைய குரல் பதிவு குடும்பக் குழுவில் வந்து விழும். அக்காவும் தங்கையும் கைப்பேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு உட்காருவார்கள். நான் கதிரையில் பட்டியோடு சாய்ந்திருப்பேன்.

முதல் பதிவு ஹனோயிலிருந்து.

"அக்கா, இங்க ரோடு கடக்குறது எப்படின்னா, தம்புள்ளைச் சந்தையில லொறியெல்லாம் உள்ள வர்ற நேரம் கண்ண மூடிக்கிட்டு நடந்து பாருங்க, அப்படி. ஒருத்தனும் பிரேக் பிடிக்க மாட்டான். நம்மள சுத்திக்கிட்டுப் போயிருவான். நாம நின்னாத்தான் இடிப்பான். ஒரு கெழவி கோழிக்கூண்டோட ரோட்டக் கடந்துச்சு. நான் அது பின்னாலயே போயிட்டேன். அந்தப் பக்கம் போய்ச் சேந்ததும் அது திரும்பிப் பாத்து ஏசுச்சு. கோழி திருட வந்தவன்னு நெனச்சிருக்கு."

இருவரும் சிரித்த சிரிப்பில் என் மனைவியின் கோப்பையிலிருந்து தேத்தண்ணி சிந்தியது.

"ஹனோய்னா 'ஆத்துக்கு உள்ள'ன்னு அர்த்தம்," என்றேன். "அந்தச் சிவப்பு ஆறு இருக்கே..."

"அத்தான், கொஞ்சம் சும்மா இருங்க. மிச்சம் கேக்கல," என்றாள் கொழுந்தியாள்.

மிச்சத்தில் எனக்கென்றே ஒரு செய்தி இருந்தது. "அண்ணேகிட்ட சொல்லுங்க, வலது பக்கம் ஓட்டுறதப் பத்தி ரொம்ப யோசிச்சாரு. ஒண்ணுமே இல்ல. முன்னால போறவன் பின்னாலயே போனாச் சரி. ரெண்டு மணித்தியாலத்துல பழகிரும்."

என் மூன்று வாரப் பயிற்சியை அவர் ஒரு வரியில் முடித்துவைத்தார்.

பொறாமையில் வகைகள் உண்டு. அவர் போனார், நான் போகவில்லை என்பது முதல் வகை. அதைத் தாங்கிக்கொள்ளலாம். நான் ஒரு வாரப் பத்திரிகையில் பல வருடமாக நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். ஊரில் யார் பிரியாவிடைக் கூட்டம் வைத்தாலும் சிரிப்பு மூட்டுவதற்கு என்னைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். என் கட்டுரைகளை என் மனைவி வாசிப்பாள். தலைவலி மாத்திரையின் காலாவதித் திகதியைப் பார்ப்பது போன்ற முகத்தோடு வாசித்து, மடித்து, "நல்லா இருக்குங்க" என்பாள். அந்த மனுஷி இப்போது தேத்தண்ணி சிந்தச் சிந்தச் சிரிக்கிறாள். உரமூட்டை வாசித்த ஆளுக்கு! எனக்குச் சுட்டது இந்த இரண்டாவது வகை.

எந்த அதிசயத்தைக் கண்டாலும் அவர் அதை மாத்தளைக்கு இழுத்துவந்து விடுவார். அவர்களுடைய நூடில்ஸ் சூப், இடியப்பத்தை ரசத்தில் போட்டது. கடலிலிருந்து நிமிர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள், 'குட்டி குட்டிச் சீகிரியா, ஆனா ஏறச் சொல்லி ஒருத்தனும் கூப்புடல, நிம்மதி.' ஹுவே நகரத்து அரண்மனையைப் பற்றி நான் ஃபைலில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "இவ்வளவு பெரிய வீட்டுல ராஜாவுக்குக் குசினி எங்கன்னு அரை நாளாத் தேடினேன், காணல. பசியோட வெளிய வந்துட்டேன்."

அந்த ஹுவேயிலிருந்துதான் படமும் வந்தது. தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சேறு தெறித்த பைக்கில் ஒரு காலை வைத்து நிற்கிறார். பின்னால் ஆறு. கறுத்து, மெலிந்து, பல் தெரியச் சிரிக்கிறார்.

"பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்காருடி," என்றாள் என் மனைவி தங்கையிடம். அதன்பிறகு ஒரு நொடி என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் ஒப்பீடு இருந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் என் பட்டி அந்த நேரம் பார்த்துக் 'கிரீச்' என்று சத்தம் போட்டது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் பாடசாலைக்குப் போகிற வழியில் கோவிலுக்குள் நுழைந்தேன். மழை தருகிற அம்மன். கேட்க வேண்டிய இடம் அதுதான்.

கேட்கும் முறையில்தான் பிழை விட்டேன். மனதுக்குள் வேண்டிக்கொண்டு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு வந்திருக்கலாம். பரீட்சைத் தாள் திருத்துகிற புத்தி விடவில்லை. யாருக்கு, எந்த இடத்தில் மழை என்பதைத் தெளிவாகப் பதிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மாத்தளையிலேயே பெய்துவிடும் என்று தோன்றியது. அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"யாரு பேருக்கு சேர்?" என்றார் ஐயர்.

சகலையின் பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். அதையும் சொன்னேன். எப்படித் தெரியும் என்றால், அவர்களுடைய கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க ஓடித் திரிந்தவனே நான்தான்.

"இப்ப வியட்நாம்ல இருக்காரு," என்றேன் தாழ்ந்த குரலில். விலாசம் முக்கியம் அல்லவா.

ஐயரின் முகம் மலர்ந்தது. "வெளிநாட்டுப் பிரயாணமா? தனியாவா? அப்ப விசேஷமாப் பண்ணிருவோம்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன காரணம் சொல்வது? ஐயர் கண்ணை மூடிச் சங்கற்பத்தை ஆரம்பித்தார். வழக்கமாக இலங்கைத் தீவு வருகிற இடத்தில், கொஞ்சம் யோசித்து, 'வியட்நாம தேசே' என்று புதிதாகச் சேர்த்து, குரலை உயர்த்திச் சொன்னார். நான் கைகூப்பி நின்று, அவர் வாயில் பாதுகாப்பும் என் மனதில் பெருமழையுமாக, ஒரே நேரத்தில் இரண்டு விண்ணப்பங்களை மேலே அனுப்பினேன்.

வியாழக்கிழமை மழை பிடித்தது. ஆசிரியர் ஓய்வறையில் உட்கார்ந்து கைப்பேசியில் வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடு வியட்நாம் நீலமானது, கருநீலமானது, கடைசியில் கத்தரிக்காய் நிறமானது. என்ன ஒரு துல்லியம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயந்தரம் வந்த பதிவு ஒரே ஒரு வரிதான். "மலைப்பக்கம் ஏறுறேன், மழை கொஞ்சம் கூடுதல், நாளைக்குப் பேசுறேன்." குரலுக்குப் பின்னால் மழைச் சத்தம், கூரைத் தகரத்தில் மண்வெட்டியால் அடிப்பது போல.

வெள்ளிக்கிழமை பதிவு வரவில்லை. அழைத்தால் தொடர்பு எல்லைக்கு அப்பால்.

எங்கள் பக்கத்தில் மழையை யாரும் ரசித்துப் பேசுவதில்லை. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கிறவர்கள் பிள்ளைகளையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு கீழே பாடசாலைக்கு இறங்குவார்கள். இரண்டு தடவை நானே வகுப்பறையில் அவர்களுக்குப் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறேன். மலையில் மழை விழுந்தால் என்ன நடக்கும் என்று பாடம் எடுக்கிறவன் நான். அந்த மழையைத்தான் பெயர், நட்சத்திரம், நாடு சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். கொழுந்தியாள் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்தாள். நான் வானிலைப் படத்தைத் திறந்து, மூடி, திறந்து, பிறகு கைப்பேசியை வேறு அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் அக்காவும் தங்கையும் அவர் பெயரில் அர்ச்சனை செய்யக் கோவிலுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. கொழுந்தியாள் நேராக வந்து என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தான், நீங்க மனுஷன் இல்ல, தெய்வம்."

"என்ன? என்ன ஆச்சு?"

"ஐயர் சொன்னாரு," என்றாள் என் மனைவி. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமையே சேர் வந்து இதே பேருக்கு வியட்நாம் தேசத்துக்கெல்லாம் சேத்து விசேஷமாப் பண்ணிட்டுப் போனாருன்னு. முதுகு வலியோட அங்க போய் நின்னிருக்கீங்க. வீட்டுல ஒரு வார்த்த சொன்னீங்களா? உங்களுக்கு அவரு மேல இவ்வளவு பாசம் இருக்கும்னு நான் நெனைக்கவே இல்லங்க."

இருபத்தைந்து வருட வாழ்க்கையில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வைக்காக நான் எழுதிய கட்டுரைகள் எத்தனையோ. வந்த நேரத்தைப் பாருங்கள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். கொழுந்தியாள் என் காலைப் பிடித்திருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அன்று உண்மையாகவே வேண்டினேன். தேங்காய் இல்லாமல், நட்சத்திரம் சொல்லாமல்.

சனிக்கிழமை மத்தியானம் கைப்பேசி 'டிங்' என்றது. ஒன்பது நிமிடப் பதிவு. "எல்லாரும் பயந்துட்டீங்களா? நான் நல்லா இருக்கேன்," என்று அவர் ஆரம்பித்தபோது கொழுந்தியாள் அழுதாள், என் மனைவி அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அது நடிப்பு இல்லை.

என் நிம்மதி சுமார் இரண்டு நிமிடம் நீடித்தது. பிறகு கதை தொடங்கியது.

பாதையில் தண்ணீர் ஏறிவிட்டதாம். பைக்கைத் தள்ளிக்கொண்டு மேடான இடத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார். வீட்டுக்காரர் அவர் வயதுக்காரர். வீட்டைச் சுற்றிப் பார்த்தால் மிளகு. நம் ஊரில் மரத்தில் படர விடுவதை அவர்கள் செங்கல் தூண் கட்டி ஏற்றியிருக்கிறார்கள். தூண் வரிசைக்கு நடுவே வெள்ளம் தேங்கி நிற்கிறது. தண்ணீர் தேங்கினால் மிளகின் வேர் அழுகிவிடும் என்பது இரத்தோட்டையில் பிறந்த யாருக்கும் தெரியும். "வீட்டுக்காரன் தலையில கை வச்சுக்கிட்டு நிக்கிறான்ணே. நான் சப்பாத்தக் கழட்டினேன். மண்வெட்டி எங்கன்னு கையால கேட்டேன். ரெண்டு பேரும் மழையோட மழையா கான் வெட்டி, தண்ணிய மறுபக்கம் திருப்பிவிட்டோம்." மின்சாரம் இல்லை, போன் செத்துவிட்டது. இரண்டு இரவும் அந்த வீட்டில்தான். அவர்கள் ஒரு வாத்தை அடித்துச் சமைத்தார்கள். இவர் தேங்காய்ச் சம்பல் அரைத்துக் கொடுத்தார். வீட்டுக்காரரின் மனைவி உறைப்புத் தாங்காமல் ஓடிப்போய் மழையில் வாயைத் திறந்துகொண்டு நின்றாளாம். புறப்படும்போது ஒரு மிளகுத் தூணில் இவர் பெயரைச் சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

என் அலுமாரியில் இருக்கிற எந்தப் பயணநூலிலும் இப்படி ஒரு அத்தியாயம் இல்லை. அந்த மழை பெய்திராவிட்டால் அவர் அந்த வழியாக அறுபதில் ஓட்டிப்போய், ஹோட்டலில் தூங்கி, 'மலை நல்லா இருக்கு' என்று ஒரு வரி அனுப்பியிருப்பார். வியட்நாமில் எழுதி வைக்கப்பட்ட ஒரு பெயர். அதையும் நானே ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன்.

வந்து இறங்கிய அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பாடு. சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர் நடுவில் உட்கார்ந்து கதை சொன்னார். நான் மரவள்ளிக்கிழங்கைப் பரிமாறினேன். முன்பெல்லாம் நடுவில் உட்காருவது நான்.

"எல்லாம் அண்ணேயோட புண்ணியம்," என்றார் திடீரென்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அவரு பண்ணின அர்ச்சனைதான் காப்பாத்துச்சு. அப்பறம் அந்த ஃபைல். ஐயோ, அது மட்டும் இல்லன்னா நான் செத்தேன்."

என் நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. "எந்தப் பக்கம் சகலை உதவியா இருந்துச்சு?"

"எல்லாப் பக்கமும்ணே. சப்பாத்து ரெண்டும் ஊறிப்போச்சு. உள்ள திணிக்கக் கடுதாசி வேணும்ல? பதினாலு பக்கமும் சரியாப் போச்சு. நல்ல தடிச்ச கடுதாசி."

பத்துப் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். என் மனைவி பலமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பின்பக்கம் போய், எங்கள் பலாமரத்தில் ஏறியிருக்கிற ஒரே ஒரு மிளகுக்கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொடியைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. தொங்கிய தண்டை எடுத்து மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். வீட்டுக்குள்ளே எல்லாரும் என்னைத் தெய்வம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு இடுப்புப் பட்டியைவிட மோசமாக அரித்தது.

"சகலை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த அர்ச்சனை உங்களுக்காகப் பண்ணினது இல்ல. மழை பெய்யணும்னு பண்ணினது. நீங்க நனைஞ்சு, நொந்து, பாதியில திரும்பி வரணும்னு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"அண்ணே, இத எழுதுங்க. நீங்க எழுதுறதுல இதுதான் நல்லா இருக்கும்."

"நான் பகிடிக்குச் சொல்லல."

"தெரியும், தெரியும்," என்று தோளில் தட்டினார். நம்பவில்லை. ஒரு எழுத்தாளனின் வாழ்க்கையில் அவன் சகலை அவனைப் பார்த்து முதல்முறையாகச் சிரிக்கிறார், அதுவும் அவன் பாவமன்னிப்புக் கேட்கும்போது.

விட மனமில்லை. மற்றதையாவது நம்பவைத்தே தீருவதென்று நினைத்தேன். "சரி, அத விடுங்க. முதுகுவலியும் பொய்தான். வாளியும் தூக்கல, ஒண்ணும் தூக்கல. பயந்துட்டேன். ரெண்டு பேருமாப் போக வேண்டிய பயணம் அது. ரெண்டு வருஷம் உக்காந்து போட்ட திட்டம். கடைசி நேரத்துல உங்களத் தனியா அனுப்பிட்டேன். அதுதான் எனக்கு மனசுல கெடக்குது."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னார். அதில் துளிக் குத்தலும் இல்லை.

"அதுக்குப் போய் வருத்தப்படுறீங்களேண்ணே. நீங்களும் வர்றதா இருந்திருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்."